அடம் பிடித்த அட்டை

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நடந்த தப்பில் பாதி அதனால் வந்தது. மீதிப் பாதி என் தலைக்கனத்தால். இரண்டும் என்னுடையதுதான், வேறு யார்மேலும் பழியைப் போடப்போவதில்லை.

பைண்டிங் வேலையில் எனக்குப் பதினெட்டு வருடம். பள்ளிக்கூட நோட்டிலிருந்து நூலகத்துத் தடி அகராதி வரை நான் தைக்காததில்லை. அந்தத் தைரியத்தில்தான் வெளிநாட்டுப் பட்டறை ஒன்றில் கற்றுக்கொடுக்க விமானம் ஏறினேன். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, அவர்கள் செய்கிற பொருளை விற்று, அந்த வருமானத்திலேயே அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற பட்டறை அது. "இது தர்ம ஸ்தாபனம் இல்லம்மா. சரக்கு நல்லா இருந்தாத்தான் விக்கும்" என்று மேனேஜர் போனிலேயே சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. ஆறு மாதத்தில் ஆறு பேருக்குப் புத்தகம் கட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். கடைசியில் ஒவ்வொருவரும் யார் துணையும் இல்லாமல் ஐந்து புத்தகம் கட்டிக் காட்ட வேண்டும். தேறினால் நிரந்தர வேலை. கேட்பவர்களுக்குப் பட்டறை மாடியிலேயே ஓர் அறையும் உண்டு.

வேற்று நாடு என்று உள்ளுக்குள் உதறலோடுதான் வந்தேன். வந்து பார்த்தால் அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் நம் பேச்சுத்தான். பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒரு பெரியவர் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டார். பட்டறை ஒரு பழைய கிடங்கு. நீளமான இரண்டு மேஜை, மூலையில் காகிதம் வெட்டுகிற மிஷின், சுவரோரம் திருகு வைத்த இரும்புப் பிரஸ். வாசலிலிருந்து மேஜை வரை இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். முதல் நாள் அது துணி காயப்போடுகிற கொடி என்று நினைத்து என் குடையை அதில் மாட்டிவிட்டேன்.

அந்தக் குடையில் மோதிக்கொண்டுதான் அவர் எனக்கு அறிமுகமானார். "எந்தப் புண்ணியவதி என் ரோட்டுல குடை மாட்டினது?"

இஸ்திரியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் சொந்தமாக இஸ்திரிக் கடை வைத்திருந்தவர். நான்கு வருடத்துக்கு முன் சர்க்கரை வியாதி இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. வாயை மட்டும் கொண்டுபோகவில்லை.

"இங்க பாருங்க, ஊசியை இப்படிப் பிடிக்கணும்" என்று நான் பாடத்தை ஆரம்பித்ததும் குரல் வந்தது.

"பாக்குறதெல்லாம் நீங்க பாத்துக்குங்க வாத்தியாரம்மா. எனக்குக் கையைக் குடுங்க."

என் இரண்டு கையின்மேலும் தன் கைகளை வைத்துக்கொண்டார். நான் ஊசி குத்தினால் அவர் விரலும் குத்தியது, நான் நூலை இழுத்தால் அவர் மணிக்கட்டும் பின்னால் வந்தது. புது மருமகள் சமைக்கும்போது மாமியார் பக்கத்திலேயே நிற்பதுபோல் எனக்கு ஒரே கூச்சம். ஆனால் ஒரு வாரத்தில் மற்ற ஐந்து பேரைவிட நேராகத் தைத்தது அவர்தான்.

ஒன்றே ஒன்று உறுத்தியது. ஒவ்வொரு தையலுக்கும் நூலை இரண்டு முறை வெடுக்கென்று இழுத்தார். இரண்டாவது இழுப்புக்கு முன் கட்டைவிரலில் 'ஃபூ' என்று ஊதினார்.

"எதுக்குக்கா ரெண்டு தடவை இழுக்குறீங்க? ஊதுறது எதுக்கு?"

"நீங்க செய்றீங்களே."

"நானா? நான் எங்க ஊதுனேன்?"

எதிர் மேஜையில் இருந்த சக்கரநாற்காலி அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். "ஊதுறீங்க வாத்தியாரம்மா. நாங்களும் அது பாடத்துல ஒரு பகுதின்னு நெனச்சு ஊதிக்கிட்டுத்தான் இருக்கோம்."

எட்டு வருடத்துக்கு முன் பிரஸ்ஸில் மாட்டி நசுங்கிய கட்டைவிரல் அது. அதில் பிடிப்பு குறைவு, அதனால் இரண்டாவது இழுப்பு. வலிக்கும் என்ற பழைய பயம், அதனால் ஊதல். என் கையில் இப்படி ஒரு பழக்கம் இருப்பது எனக்கே தெரியாது. ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து விரலை ஊதிக்கொண்டிருந்ததை நினைத்து அன்றைக்கு நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். கூடவே கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இந்த அம்மாவின் விரலிடம் எதையும் ஒளிக்க முடியாது என்று அன்றே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

தினமும் நான்கு மணிக்கு அவருடைய தம்பி வருவார். எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் ஃபிளாஸ்க். அக்காவின் முழங்கையைப் பிடித்து எழுப்பி, செருப்பைத் தானே குனிந்து மாட்டிவிட்டு, குழந்தையைக் கூட்டிப்போவதுபோல் கூட்டிப்போவார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அக்காவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவர். அதுதான் சிக்கலே.

"வீட்டுல தண்ணி டம்ளரைக்கூடத் தொட விட மாட்டான்" என்று இஸ்திரியக்கா ஒருநாள் சொன்னார். "நாலு வருஷமா நான் எதையும் கீழ போட்டு உடைக்கல வாத்தியாரம்மா. எதையாவது கையில குடுத்தாத்தானே உடைக்க."

ஆறாவது மாதக் கடைசியில் தம்பி ஒரு விடுதி விண்ணப்பத்தோடு வந்தார். வேறு ஊருக்கு அவருக்கு மாற்றலாகியிருந்தது. புது வீடு நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை, மனைவியும் வேலைக்குப் போகிறவர்.

"நல்ல விடுதிங்க. வேளாவேளைக்குச் சாப்பாடு, நர்ஸ் இருக்காங்க. அக்கா சும்மா கட்டில்ல உக்காந்திருந்தாப் போதும்" என்று என்னிடம் சொன்னார். பிறகு அக்காவின் கையில் பேனாவை வைத்தார். "இந்த இடத்துல கையெழுத்து போடுக்கா."

இஸ்திரியக்கா பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை எனக்குப் பரீட்சை. தேறினேன்னா மாடியில ரூம் தர்றாங்க. தேறலைன்னா நீ சொல்ற எடத்துல போடுறேன். அதுவரைக்கும் இதை மடிச்சுப் பையில வையிடா."

தம்பி என்னைப் பார்த்தார். 'அக்காவை ஏமாற்றிவிடாதீர்கள்' என்கிற பார்வை. எனக்குச் சுருக்கென்றது. ஐந்து புத்தகத்தில் அந்த அம்மாவின் மிச்ச வாழ்க்கை மாட்டிக்கொண்டிருந்தது. கட்டிலில் சும்மா கிடக்க வேண்டிய கையா அது?

பரீட்சைக்கான புத்தகங்கள் சும்மா மாதிரிக்குச் செய்பவை அல்ல. ஒரு பெரிய ஹோட்டலுக்கு வரவேற்பறைப் பதிவேடுகள், ஆறு பேருக்கு ஐந்து வீதம் முப்பது. ஹோட்டல் அம்மா நேரில் வந்து ஒவ்வொன்றையும் விரித்துப் பார்ப்பார். உள்ளே தைக்கும் வேலை திங்கட்கிழமையே எல்லோருக்கும் முடிந்துவிட்டது. மேலே அட்டை போட்டு, காலிகோ துணி ஒட்டினால் தீர்ந்தது.

அட்டை விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அட்டைக்குள் நார் ஒரு திசையில்தான் ஓடும். அது புத்தகத்தின் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பசையின் ஈரம் காயும்போது அட்டை வில்லாக வளைந்துவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது, இரண்டு பக்கமும் வளைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் இளகி வளைகிறதோ அதை வைத்து நார் தெரியும். இதை இரண்டாவது வாரமே ஆறு பேருக்கும் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

புது அட்டை செவ்வாய்க்கிழமை வந்தது. எங்கள் ஊரில் எனக்கு வருகிற அட்டையில் நார் எப்போதும் நீளவாக்கில்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தில், வளைத்தே பார்க்காமல், இப்படி வெட்டுங்கள் என்று சீட்டில் படம் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுக் கட்டிங்காரரிடம் நீட்டினேன். வெட்டும் மிஷின் அவர் பொறுப்பு, வேறு யாரும் தொடக்கூடாது. பத்து வருடமாக அங்கே நிரந்தர வேலையில் இருப்பவர். அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அவருக்கும் இஸ்திரியக்காவுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். அக்கா திட்டுவது அவருக்குக் கேட்காது, அவர் சைகையில் திட்டுவது அக்காவுக்குத் தெரியாது. நடுவில் நான் தபால்காரி. "உங்க ரெண்டு பேருக்கும் சண்டை போட்டுக்குடுக்கவே தனியா ஒரு ஆள் வேணும்" என்பார் சக்கரநாற்காலி அண்ணன்.

புதன்கிழமை காலை அட்டையைப் பங்கிட்டுக் கொடுத்தேன். இஸ்திரியக்கா ஓர் அட்டையை எடுத்து இப்படி வளைத்தார், அப்படி வளைத்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு கையை உயர்த்தினார்.

"வாத்தியாரம்மா, இந்த அட்டை அடம் பிடிக்குது. நீங்க சொல்லிக்குடுத்ததுக்குத் தலைகீழா இருக்கு."

எனக்கு முந்திய இரவு சரியான தூக்கமில்லை. முப்பது புத்தகமும் மேனேஜரின் முகமும் கண்ணுக்குள்ளேயே நின்றன. அதெல்லாம் சாக்கு. உண்மையான காரணம், ஆறு பேர் முன்னால் ஒருத்தர் என்னைத் திருத்தியது.

"பதினெட்டு வருஷமா அட்டை வெட்டுறேன்க்கா. ஆறு மாசத்துல எனக்கே பாடம் எடுக்க வந்துட்டீங்களா? குடுத்ததை ஒட்டுங்க."

இஸ்திரியக்கா அட்டைகளை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு, நூல் பந்தைச் சுற்ற ஆரம்பித்தார். அவர் வாயை மூடிக்கொண்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து திரும்பியபோது மிஷினுக்கு அடியில் புதிதாக வெட்டிய துண்டுகள் கிடந்தன. "யார் அட்டையை வீணாக்குனது?" என்று கட்டிங்காரரிடம் கையை ஆட்டிக் கத்தினேன். அவர் விட்டத்தைப் பார்த்தார். வேலை மும்முரத்தில் நானும் விட்டுவிட்டேன். சாயங்காலத்துக்குள் முப்பதும் ஒட்டியாகிவிட்டது. பிரஸ்ஸில் வைத்துத் திருகினோம். வியாழன் மாலை எடுத்தபோது எல்லாம் பலகைபோல் தட்டையாக இருந்தன. பார்த்தீர்களா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன். முதல் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தேன்.

'டக்.'

ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை எழுந்தது. அடுத்ததை வைத்தேன். டக். அடுத்தது. டக். அட்டை எல்லாம் மேலும் கீழும் வில்லாக வளைந்து கிடந்தன. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாத உழைப்பு, ஆறு பேர் உழைப்பு, என் ஒரு கையெழுத்தில் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க அங்கே கோபப்படவும் யாரும் இல்லை.

கடைசி அடுக்கைக் கையிலெடுக்கவே பிடிக்கவில்லை. எடுத்து வைத்தேன். சத்தம் வரவில்லை. மூலையை அழுத்தினேன், அசையவில்லை. ஐந்தும் அப்படியே மேஜையோடு மேஜையாக உட்கார்ந்தன. முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பென்சிலில் கோணலாக ஒரு கோடு, இஸ்திரியக்காவின் அடையாளம்.

வாசல் கயிற்றைப் பிடித்தபடி அவர் உள்ளே வந்துகொண்டிருந்தார். நான் கைமறதியாக ஒரு புத்தகத்தைக் கீழே வைத்தேன். டக்.

"வளைஞ்சிடுச்சா?" என்றார்.

"வளைஞ்சிடுச்சுக்கா. உங்களோட அஞ்சும் தப்பிச்சிடுச்சு. எப்படிக்கா?"

"புதன்கிழமை மதியம் அந்த ஆளைப் போய்ப் பிடிச்சேன். நான் சொல்றது அவருக்குக் கேக்காது, அவர் சொல்றது எனக்குத் தெரியாது. அட்டையை அவர் கையில வெச்சு, மேல என் கையை வெச்சு, இந்தப் பக்கம் வளைச்சேன், அந்தப் பக்கம் வளைச்சேன். மனுஷன் ஒரு நிமிஷம் அசையல. அப்புறம் அவரே முழு அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்டிக் குடுத்தார்." மேஜையைத் தடவிப் பிடித்தபடி சொன்னார், "மத்தவங்களுக்கும் சொல்லியிருக்கலாம். உங்ககிட்ட மறுபடி வாங்கிக்கட்டிக்கத் தெம்பில்ல."

என்னை யாராவது அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பத்து மணிக்கு ஹோட்டல் அம்மா வந்தார். மேனேஜர் வந்தார். விண்ணப்பப் பையோடு தம்பியும் வந்து சுவரோரம் நின்றார். ஆறு பேரும் மேஜையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வாயைத் திறப்பதற்கு முன் நான் எழுந்தேன்.

"இருபத்தஞ்சு புத்தகம் வளைஞ்சிருக்குங்க. தையல்ல ஒரு குறையும் இல்ல, ஒட்டுனதுலயும் இல்ல. அட்டையைத் தப்பா வெட்டச் சொல்லிக் கையெழுத்து போட்டது நான். இஸ்திரியக்கா அப்பவே சொன்னாங்க, நான் காதுல வாங்கல. கட்டிங்காரரைத் திருத்தி வெட்ட வெச்சு இவங்க செஞ்ச அஞ்சு புத்தகம் இதோ."

ஹோட்டல் அம்மா அந்த ஐந்தையும் வைத்தார், அழுத்தினார், நடுவில் விரித்துக் கையை எடுத்தார். பக்கங்கள் விரித்தது விரித்தபடி கிடந்தன. மேனேஜர் மட்டும் விதிமுறைத் தாளை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"யார் துணையும் இல்லாமன்னு போட்டிருக்கு. இவங்களுக்குக் கட்டிங்காரர் தனியா வெட்டிக் குடுத்திருக்காரே?"

அப்பாடா, கோபப்பட ஒரு நியாயமான இடம் கிடைத்தது. "மிஷினை வேற யாரும் தொடக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானே? ஆறு பேருக்கும் அவர்தான் வெட்டினார். அஞ்சு பேருக்கு என் துணையோட வெட்டினார், நாசமாப் போச்சு. யார் துணையும் இல்லாம வேலையை முடிச்சது இந்த ஒருத்தங்கதான்!"

சக்கரநாற்காலி அண்ணன் மேஜையைத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். அதிர்வு கையில் ஏறியதும் கட்டிங்காரரும் மிஷினைத் தட்டினார்.

ஹோட்டல் அம்மா சிரிக்கவில்லை. அலமாரியில் வெட்டி மிஞ்சிக் கிடந்த அட்டைகளில் பத்தை எடுத்துக் கலைத்து இஸ்திரியக்காவின் முன் வைத்தார். "எது சரி, எது தப்புன்னு பிரிச்சுக் காட்டுங்க."

இஸ்திரியக்கா ஒவ்வொன்றாக எடுத்தார். துணியை உதறி மடிக்கிற அதே வேகம். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. ஓர் அட்டையில் மட்டும் கை நின்றது. வளைத்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார், இடது பக்கம் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் ஈரத்துணியால் பத்தையும் ஒரு பக்கம் மட்டும் துடைத்து வைத்தேன். ஈரம் பட்டால் அட்டை எந்தப் பக்கம் சுருளும் என்பதில் உண்மை வெளியே வந்துவிடும். காத்திருந்தோம். வலது பக்கம் இருந்த ஆறும் ஒரு மாதிரி சுருண்டன. இடது பக்கம் இருந்த நான்கும் மறு மாதிரி சுருண்டன. கன்னத்தில் வைத்துப் பார்த்த அந்த அட்டையும் அவர் பிரித்தபடியே.

"பத்துக்குப் பத்து" என்றேன்.

"திங்கட்கிழமை வரைக்கும் டைம் தர்றேன்" என்றார் ஹோட்டல் அம்மா. "மேலட்டையை உரிச்சிட்டுப் புதுசாப் போட்டுக் குடுங்க. ஆனா ஒண்ணு. என் ஆர்டருக்கு வர்ற ஒவ்வொரு அட்டையும் இவங்க கையைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகணும்."

"வாத்தியாரம்மா வெட்டச் சொல்றதும்தானே?" என்று சக்கரநாற்காலி அண்ணன் கேட்டார்.

"அதுதான் முதல்ல" என்றேன் நான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பட்டறை திறந்திருந்தது. யாரும் வரச் சொல்லாமல் எல்லோரும் வந்தார்கள். இஸ்திரியக்கா வளைத்துப் பார்த்துத் தள்ள, கட்டிங்காரர் வெட்டினார். இடையில் இருவருக்கும் ஏதோ சண்டைகூட வந்தது. அட்டையை ஒருவர் கையில் ஒருவர் அடித்துப் பேசிக்கொண்டார்கள். என்னைத் தபாலுக்குக் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை முப்பது புத்தகமும் மேஜையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தன. ஆறு பேரும் தேறினார்கள்.

அன்று நான்கு மணிக்குத் தம்பி வந்தபோது இஸ்திரியக்கா செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். கையில் ஒரு சாவி.

"அந்த விண்ணப்பம் இருக்காடா?"

தம்பி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா அதை நீளவாக்கில் வளைத்தார், குறுக்குவாக்கில் வளைத்தார். "குறுக்கு நார். புத்தகத்துக்கு ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பட்டறையே சிரித்தது. தம்பியும் சிரிக்கப் பார்த்தார், முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னை வேணாம்னு சொல்றியாக்கா?"

"போடா கிறுக்கா. விருந்தாளியா வான்னு சொல்றேன். வா, என் ரூமைப் பாரு. நீயும் வா" என்றார், கடைசியில் என் பக்கம் திரும்பி. ஆறு மாதத்தில் அவர் என்னை 'நீ' என்றது அதுதான் முதல் முறை. எனக்கு அது பட்டம் வாங்கியதுபோல் இருந்தது.

மாடிப்படி இரண்டு சுவருக்கு நடுவே, ஜன்னல் இல்லாதது. பல்பு எப்போதோ போயிருந்தது, அந்த வழியில் போகிறவருக்கு அது தேவைப்படவும் இல்லை. அக்கா கடகடவென்று ஏறினார். தம்பி மூன்றாவது படியில் தடுக்கி என்மேல் சாய, நான் சுவரில் முட்டிக்கொண்டேன்.

"அக்கா, ஒண்ணும் தெரியலக்கா."

மேலே போன காலடிச் சத்தம் நின்றது. இறங்கி வந்தது. "பயப்படாத. பதினாலு படி, நடுவுல ஒரு திருப்பம். கையைக் குடு."

தம்பி கையை நீட்டினார். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன்.